கையிலே காசு, கணக்கிலே சைபர்!



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பியும் அவர் மனைவியும் என்னைத் தேடி வந்தார்கள். தம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். செம்பனைக் குலை வெட்டுகிறார். மனைவி உதிரிப் பழம் பொறுக்குகிறார். இரண்டு பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள்.

வந்தவர்கள் உட்காரவே தயங்கினார்கள். மனைவிதான் பேச்சைத் தொடங்கினார். "அண்ணே, எங்களுக்கு ஆறு வருசமா சம்பளம் கவர்லதான் வருது. சிலிப்பு கிடையாது. இ.பி.எஃப். கிடையாது. கேட்டா, கண்ட்ராக்டர் ஒரே பேச்சுல வாயை அடைச்சிர்றாரு."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

தம்பி மெதுவாகச் சொன்னார்: "நீ போயி புகார் கொடுத்தா வருமான வரிக்காரன் முதல்ல உன்னத்தான் புடிப்பான். இத்தன வருசம் கணக்குல இல்லாத காசு வாங்கியிருக்க. உள்ள போயிடுவ, அப்படீங்கறாரு அண்ணே."

தோழர்களே, இந்தப் பேச்சை நான் முதல் தடவை கேட்கவில்லை. கூலிமில் கேட்டிருக்கிறேன், பாடாங் செராயில் கேட்டிருக்கிறேன், பாலிங் பக்கம் ரப்பர்த் தோட்டத்திலும் கேட்டிருக்கிறேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். தப்புச் செய்தவர் ஒருவர், பயப்படுகிறவர் இன்னொருவர். அந்தப் பயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்றுதான் இந்த வாரம் எழுதுகிறேன். பென்சிலும் பேப்பரும் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் வரிக் கணக்கு

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சம்பளம் கையில் வந்தாலும் சரி, பேங்கில் வந்தாலும் சரி, அது வருமானம்தான். முதலாளி மாதாமாதம் வரி பிடிக்கவில்லை, அதனால் எனக்கு வரியே இல்லை என்று நினைப்பது தவறு. கணக்குக் காட்டுவது நம் பொறுப்பு. ஆனால் கணக்குக் காட்ட வேண்டும் என்பது ஒன்று, வரி கட்ட வேண்டும் என்பது வேறொன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் நம்மை மிரட்டுகிறார்கள்.

சேமநிதிச் சந்தா கழித்த பிறகு ஆண்டு வருமானம் 34,000 வெள்ளிக்கு மேல் போனால் வருமான வரி வாரியத்தில் பெயர் பதிந்து பாரம் அனுப்ப வேண்டும். 2025-ஆம் ஆண்டில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பன்னிரண்டு மாதத்துக்கு 20,400. இந்தச் சம்பளம் மட்டும் வாங்கும் தொழிலாளி அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. அவருக்கு எதற்குப் பயம்?

சரி, நம்ம தம்பியின் கணக்கு. நல்ல மாதம், கெட்ட மாதம் எல்லாம் சேர்த்து அவருக்குச் சராசரி மாதம் 3,200 வெள்ளி கவரில் வருகிறது. ஆண்டுக்கு 38,400. அவர் பாரம் அனுப்பியிருக்க வேண்டியவர்தான். வரி எவ்வளவு என்று பாருங்கள்.

தனக்கென்று கழிவு 9,000. மனைவி பெயரில் கணக்கில் வருமானம் இல்லாததால் அவருக்காக 4,000. இரண்டு பிள்ளைகளுக்குத் தலைக்கு 2,000 வீதம் 4,000. ஆகக் கழிவு 17,000. மிச்சம் 21,400. முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 15,000-க்கு நூற்றுக்கு 1 வீதம் 150 வெள்ளி. மீதி 1,400-க்கு நூற்றுக்கு 3 வீதம் 42 வெள்ளி. மொத்தம் 192 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருப்பவருக்குத் தள்ளுபடி 400, மனைவிக்காக இன்னொரு 400. 192 வெள்ளி வரிக்கு 800 வெள்ளி தள்ளுபடி! கட்ட வேண்டியது ஒரு காசும் இல்லை.

இந்தக் கணக்கைக் காட்டியதும் தம்பி என் முகத்தையே பார்த்தார். "இதுக்கா அண்ணே ஆறு வருசம் பயந்தேன்?" என்றார்.

கல்யாணம் ஆகாத ஓர் இளைஞரை எடுத்துக் கொள்வோம். மாதம் 3,500 வெள்ளி கையில் வாங்குகிறார். ஆண்டுக்கு 42,000. கழிவு 9,000 போக 33,000. வரி 540 வெள்ளி, தள்ளுபடி 400 போனால் 140 வெள்ளி கட்ட வேண்டும். ஆண்டு முழுவதற்கும் 140. இதே இளைஞருக்கு முறையாகச் சேமநிதி பிடித்திருந்தால், அந்தச் சந்தாவுக்காக 4,000 வெள்ளி வரை இன்னொரு கழிவு உண்டு. வரி 20 வெள்ளிக்கு இறங்கிவிடும். கவரில் கொடுத்த கண்ட்ராக்டர் இவருக்கு வரியை மிச்சப்படுத்தவில்லை, ஏற்றித்தான் விட்டிருக்கிறார்!

வரி வராவிட்டாலும் பாரம் அனுப்ப வேண்டியவர்கள் அனுப்பிவிடுங்கள். அனுப்பாமல் இருந்தால் அபராதம் 200 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரை போகலாம், சிறையும் சட்டத்தில் இருக்கிறது. பழைய ஆண்டுகளுக்கு விட்டுப் போயிருந்தால் சுங்கைப்பட்டாணி வருமான வரி அலுவலகத்துக்கு நாமே போய் உண்மையைச் சொல்வதுதான் நல்லது. அவர்கள் தேடி வருவதும் நாம் தேடிப் போவதும் ஒன்றல்ல.

போனது எவ்வளவு?

வரிக்குப் பயந்து நாம் வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில் கையை விட்டுப் போனது என்ன? இப்போது அந்தக் கணக்கு.

மாதச் சம்பளம் 5,000 வெள்ளி வரை வாங்கும் தொழிலாளிக்கு நாம் நூற்றுக்கு 11, முதலாளி நூற்றுக்கு 13 வீதம் சேமநிதி கட்ட வேண்டும். 3,200 வெள்ளிக்கு நம் பங்கு 352, முதலாளி பங்கு 416. "பிடித்தம் இல்லாம முழுசா கைக்கு வருதே, நல்லதுதானே" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 352 வெள்ளி கையில் தங்குகிறது, உண்மை. ஆனால் நமக்கென்று முதலாளி போட வேண்டிய 416 வெள்ளி அவர் பாக்கெட்டிலேயே தங்கிவிடுகிறது. அது இனாம் அல்ல தோழர்களே, அதுவும் நம் உழைப்பின் கூலி.

416-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 4,992 வெள்ளி. ஆறு ஆண்டுக்கு 29,952 வெள்ளி. வட்டி, ஈவுத்தொகை சேர்க்காமலே இவ்வளவு! ஒரு காசுகூட வரி இல்லாத மனிதர், வரிக்குப் பயந்து கிட்டத்தட்ட 30,000 வெள்ளியை விட்டுக் கொடுத்திருக்கிறார்.

சொக்சோ கணக்கு இதைவிடக் கொடுமை. குலை வெட்டுகிறவன் தலைக்கு மேலே முள்ளும் குலையும், கையிலே கூர் அரிவாள். என்றைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? வேலையில் அடிபட்டுப் படுத்தால், சொக்சோ நாள் கூலியில் நூற்றுக்கு 80 வரை தருகிறது. மருத்துவம் பார்க்கிறது. உயிர் போனால் குடும்பத்துக்கு உதவித் தொகை தருகிறது. சில கண்ட்ராக்டர்கள் 1,700-ஐச் சிலிப்பில் காட்டிவிட்டு மீதியைக் கவரில் போடுகிறார்கள். அடிபட்டால் அந்த 80 பங்கும் எதன் மேல் வரும்? சிலிப்பில் உள்ள 1,700 மேல்தான். நீங்கள் உண்மையில் வாங்கிய 3,200 எங்கேயும் எழுதப்படவில்லையே!

இரண்டு பேர் உழைப்பு, ஒரு பெயர்

தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தத் தங்கச்சியிடம், "உங்கள் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்கு ஏதுண்ணே சம்பளம்? எல்லாம் இவரு கவர்லயே வந்துரும்."

காலை ஐந்தரைக்கு எழுந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பிறகு புருஷனுக்குப் பின்னாலேயே குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிறார். ரப்பர்த் தோட்டத்திலும் இதே கதைதான். புருஷன் மரம் வெட்டினால் மனைவி பால் எடுக்கிறார், கட்டிப்பால் சேர்க்கிறார். நிறுவையில் ஒரு பெயர், கவரில் ஒரு பெயர். இந்த நாட்டின் எந்த ஏட்டிலும் அவர் தொழிலாளியே இல்லை!

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று வைத்தாலும் அவர் பெயரில் மாதம் சேமநிதி 187-ம் 221-ம் சேர்த்து 408 வெள்ளி ஏறியிருக்க வேண்டும். வரியிலும் அவருக்குத் தனியாக 9,000 கழிவு உண்டு. நாளைக்கு அவர் முதுகு ஒடிந்தால் சொக்சோ, "நீ யார் அம்மா?" என்றுதான் கேட்கும். ஆகவே வேலை செய்கிற ஒவ்வொருவர் பெயரிலும் தனித் தனியாகச் சம்பளம் எழுதச் சொல்லுங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வருகிறது. நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அவர் செக்ரோலில் பெயர் உள்ள மரம் வெட்டுத் தொழிலாளி. பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். செக்ரோல் ஆட்கள் குறைந்தார்கள், கண்ட்ராக்டர் வந்தார். அதே தோட்டம், அதே லயம், அதே பெரட்டுக் களம். கூலி கொடுக்கிற கை மட்டும் மாறியது. ஐம்பத்தைந்து வயதில் அவரைச் சேமநிதி அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். கண்ட்ராக்டரிடம் மாறிய மாதத்தோடு கணக்கு நின்று போயிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வரி கூட இல்லை. முகப்பில் இருந்த பெண் ஸ்டேட்மென்டைத் திருப்பிக் காட்டினார். அப்பா அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, "வா, பஸ்ஸு போயிரும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. இன்றைக்காவது கேட்போம்.

"நான் முதலாளி இல்லை" என்றால்?

தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால் "கண்ட்ராக்டரைக் கேள்" என்பார்கள். கண்ட்ராக்டரைக் கேட்டால், "நீ என் தொழிலாளி இல்லை, நீயே ஒரு சின்னக் கண்ட்ராக்டர்" என்பார். சட்டம் என்ன சொல்கிறது?

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரியிலிருந்து ஒரு புதிய பிரிவு நடப்பில் இருக்கிறது. அது 101சி பிரிவு. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், உங்கள் வேலை நேரத்தையும் வேலை முறையையும் ஒருவர் கட்டுப்படுத்தினால், கருவியும் பொருளும் அவர் கொடுத்தால், உங்கள் வேலை அவர் தொழிலின் முக்கியப் பகுதியாக இருந்தால், ஒழுங்கான தவணையில் உங்களுக்குக் கூலி வந்தால், நீங்கள் தொழிலாளி என்றே எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது எதிர்த் தரப்பின் வேலை.

அதே சட்டத்தின் 33-ஆம் பிரிவு தோட்டத்தையும் சும்மா விடவில்லை. கண்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் ஓடிவிட்டால், வேலையைக் கொடுத்த தோட்டமும் தொடர்ச்சியான மூன்று மாதக் கூலி வரை பொறுப்பு. ஆனால் கூலி கொடுத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். இந்த 90 நாளை மறந்துவிடாதீர்கள். "அடுத்த மாசம் தர்றேன்" என்று இழுத்தே அதைக் கடத்திவிடுவார்கள். சொக்சோ சட்டமும் கண்ட்ராக்டர் மூலம் வந்த ஆளுக்கும் சந்தா கட்டும் பொறுப்பை மூல முதலாளி மேல் வைக்கிறது.

சேமநிதியைப் பொறுத்தவரை, 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தா கட்டாத முதலாளிக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். நம் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டவருக்கு ஆறு ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம். "உள்ள போயிடுவ" என்று தம்பியை மிரட்டினாரே, உண்மையில் உள்ளே போகும் சட்டம் யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது பாருங்கள்!

இன்னொன்று. "வெளிநாட்டு ஆளுக்கு இ.பி.எஃப். இல்ல, உனக்கு மட்டும் என்ன?" என்ற பேச்சும் இனிச் செல்லாது. 2019-லிருந்து அவர்களுக்கும் சொக்சோ உண்டு. 2025 அக்டோபரிலிருந்து அவர்களுக்கும் இரு தரப்பும் நூற்றுக்கு 2 வீதம் சேமநிதி உண்டு. பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசியரும் வங்காளதேசியும் நம் எதிரிகள் அல்லர். அவர்களையும் கவரில்தான் ஏமாற்றுகிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, இன்றைக்கே ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். தேதி, எந்தக் காடு, எத்தனை குலை, எத்தனை கிலோ, எவ்வளவு காசு, யார் கையால் கொடுத்தார், யார் பக்கத்தில் இருந்தார் என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். எழுத வராதவருக்குப் பிள்ளைகள் எழுதட்டும். கவரைத் தூக்கி எறியாதீர்கள். நிறுவைச் சீட்டையும் கண்ட்ராக்டர் கைப்பேசியில் அனுப்பும் செய்தியையும் பத்திரப்படுத்துங்கள். புகார் என்று போனால் இந்த நோட்டுத்தான் உங்கள் சாட்சி.

இரண்டாவது, சேமநிதிக் கணக்கை உடனே பாருங்கள். அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணி அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது படித்த பிள்ளைகளிடம் சொல்லிக் கைப்பேசியில் பாருங்கள். ஒரு மாதச் சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை அல்ல, மாதாமாதம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சம்பளச் சிலிப்பு கேளுங்கள். கூலி மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கைக்கு வர வேண்டும், பேங்க் வழி வருவதே சட்டத்தின் பொது விதி. ஆண்டு முடிந்ததும் பிப்ரவரி கடைசிக்குள் இ.ஏ. பாரம் தர வேண்டியது முதலாளியின் கடமை. தரவில்லையா? கடிதம் எழுதிக் கேளுங்கள், நகலை வைத்துக் கொள்ளுங்கள். இ.ஏ. பாரம் இல்லை என்பதற்காக நம் கணக்கை விட்டுவிட வேண்டாம். நோட்டில் உள்ளதைக் கூட்டி, உண்மையான தொகையைப் போட்டு ஏப்ரல் 30-க்குள் பி.இ. பாரம் அனுப்புங்கள். நோட்டையும் சீட்டுகளையும் ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

நான்காவது, எழுதப்படாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "குத்தகைப் பணம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளிலும் போடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்து உங்களைத் தொழிலாளி இல்லை என்று ஆக்கப் பார்க்கும்.

ஐந்தாவது, சேமநிதிக்குச் சேமநிதி அலுவலகம், அடிபட்டால் சொக்சோ, கூலிக்குத் தொழிலாளர் இலாகா. தொழிலாளர் இலாகாவின் விசாரணைக்கு வக்கீல் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. பேசத் தயக்கமாக இருந்தால் சங்கத்து ஆளைக் கூட்டிப் போங்கள்.

ஒருவராகப் போக வேண்டாம்

பயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வரி ஒரு சாக்கு. வீடு போய்விடுமோ, நாளைக்கு வேலை கொடுக்க மாட்டாரோ என்பதுதான் உள்ளே இருக்கும் பயம். அது நியாயமான பயம். ஒரு தோட்டத்தில் ஓர் ஆள் மட்டும் தலை தூக்கினால் அந்தத் தலையைத் தட்டுவது சுலபம்.

இதே கெடா மண்ணில், இதே பீடோங் வட்டாரத்தில், 1946, 47-இல் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தொழிலாளியின் கூலியைக் கள்ளுக்கடை விழுங்குகிறது என்று பார்த்து எதிர்த்து நின்றார்கள். பட்டதும் அதிகம், அடிபட்டதும் அதிகம். நம் தாத்தா பாட்டிமார் காலம் அது. கள்ளுக்கடைக்குப் போன காசு அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. சேமநிதிக்குப் போகாத காசு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தம்பியும் தங்கச்சியும் வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீடுகளில் இந்த வரிக் கணக்கைச் சொன்னார்கள். அடுத்த வாரம் பதினொரு பேர் சேர்ந்து வந்தார்கள். அதில் நான்கு பேர் பெண்கள். எல்லோருமாகச் சேமநிதி அலுவலகம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். விசாரணை நடக்கிறது. கண்ட்ராக்டர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் வரிக்காரன் பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். முடிவு என்ன ஆனாலும் இதே பகுதியில் எழுதுகிறேன்.

அதுவரை இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அடுத்த கவர் கைக்கு வரும் நாளில், "சிலிப்பு எங்கே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்டால் பக்கத்தில் நிற்பவரும் கேட்பார்.